ரப்பர் மரமும் அம்மாவின் சிரட்டையும்

எங்கள் வீட்டுக் கூடத்தின் உயரம் 18 அடி. மாடிவரை திறந்துவிட்டால் காற்று வரும் என்று வரைபடம் போட்டவர் சொன்னார், வந்தது. கூடவே கிழக்குச் சுவரில் பெரிய வெறுமை ஒன்றும் வந்தது. அவர் காட்டிய படத்தில் அந்த இடத்தில் ஒரு மரம் நின்றது. குடிபுகுந்த முதல் மாதமே நாகர்கோவில் முழுக்க அந்த மரத்தைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்தது ‘பிடில் லீஃப்’ அத்தி. மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். இலை பிடிலைப் போலவே இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஆறரை அடி உயரத்தில் ஒன்றை வாங்கி, ஆள் வைத்துத் தூக்கி வந்தேன். 41 இலைகள். சன்னலிலிருந்து பத்தடி தள்ளி வைத்தேன். பத்தாம் நாள் கீழ் இலை ஒன்று விழுந்தது. பயந்துபோய் இடம் மாற்றினேன். இன்னும் நான்கு விழுந்தன. மறுபடி மாற்றினேன். தாகமோ என்று தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் உச்சியில் மூன்று இலைகளோடு ஒரு கொம்பு மட்டும் நின்றது. அம்மா அதில் ஈரத் துண்டைக் காயப்போட்டாள்.

உயரமான அறை என்றால் வெளிச்சமான அறை என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் வெளிச்சம் மாடிச் சன்னல் வழியாக வந்து மேல்சுவரில் விழுகிறது. தொட்டி இருப்பதோ தரையில். நீங்கள் மரம் வாங்கப் போகுமுன், காலை பத்து மணிக்கு அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் பிரிந்து தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலான கறை மட்டும் என்றால் சுமார். நிழலே இல்லையென்றால் அங்கே நாற்காலி போடலாம். என் பத்தடித் தூரத்தில் நிழலே இல்லை. கீழ்ச் சன்னலுக்கு மூன்றடிக்குள் வந்தபோதுதான் விரல்கள் தெரிந்தன. வெற்றுச் சுவர் இன்னும் வெற்றுச் சுவராகத்தான் இருக்கிறது.

அடுத்து அரிக்கா பாம் பார்த்தேன். மடகாஸ்கர் சரக்கு, அழகுதான், ஆனால் தண்ணீர் கொஞ்சம் தவறினாலும் ஓலை நுனி கருகும். “கமுகு மாதிரி இருக்கிறது, பாக்கு தராது. பிறகு எதற்கு?” என்றாள் அம்மா. வாரக் கணக்கில் மறந்துபோகிற எனக்கு அது சரிவராது.

கடைசியில் ரப்பர் செடி. நான்கடி உயரம், கரும்பச்சையில் தடித்த இலைகள். அம்மா பிறந்தது ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரத்தில். விடியுமுன் ரப்பர் மரத்தைக் கீறி, வடியும் பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடிக்கும் பால்வெட்டுக்குப் போன தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவள்.

“ரப்பரையா வீட்டுக்குள் கொண்டுவருகிறாய், மக்களே?”

அந்த ரப்பர் வேறு, இந்த ரப்பர் வேறு என்று விளக்க ஒரு மாலை போயிற்று. தோட்டத்து ரப்பர் பிரேசில்காரன். 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு விதையாகப் போய், அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தவன். இது அசாம், மேகாலயா பக்கத்து மரம், ஆலமரத்துக்கு உறவுக்காரன். மேகாலயாவில் காசி என்ற பழங்குடி மக்கள் இதன் வேர்களை ஓடைக்குக் குறுக்கே வளர்த்துப் பாலமாகவே ஆக்கியிருக்கிறார்கள் என்றேன். “அப்படியானால் நம் தரையைப் பெயர்க்காதா?” என்றாள். சரியான கேள்வி. மண்ணில் வைத்தால் பெயர்க்கும், வீட்டை ஒட்டி நடவே கூடாது. தொட்டிக்குள் வேர் அடங்கியிருக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். எனக்கு எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. வடிந்த தண்ணீரைத் தட்டிலேயே விட்டால் வேரும் அழுகும், டெங்கு கொசுவும் முட்டையிடும். இலையில் தூசி படிந்தால் ஈரத் துணியால் துடைக்கிறேன். மாவுப்பூச்சி ஒருமுறை வந்தது, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் போதுமானதாக இருந்தது. உயரத்துக்கு மட்டும் ஒரு கள்ளத்தனம்: தொட்டியை ஒன்றரை அடி மர முக்காலிமேல் ஏற்றினேன். வளர்ந்த செடி வாங்கும் காசு மிச்சம். இலைகளும் ஒன்றரை அடி மேலேறி வெளிச்சத்தை நெருங்கின.

மூன்று வருடத்தில் ஏழரை அடி ஆகிவிட்டது. சன்னலைப் பார்த்துச் சாய்ந்ததால் மாதம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புகிறேன். கிளைவிடட்டும் என்று போன மாதம் நுனியை வெட்டினேன். வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. தோலில் பட்டால் அரிக்கும் என்பதால் துணி தேடி ஓடினேன். திரும்பி வந்தபோது, அடுக்களையிலிருந்து எடுத்துவந்த சிரட்டையை வெட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். ஐந்து நிமிடம் பார்த்தாள்.

“பால் போதாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.