இடது கட்டம், வலது கட்டம்

“நிலச்சரிவை ஏன் இந்தப் பக்கம் எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டேன். “மேட்ட வெட்டினது யாருன்னு எங்களுக்குத் தெரியும் டீச்சர்” என்றாள் அந்த எட்டாம் வகுப்பு மாணவி. “பரீட்சையில் இப்படி எழுதினால் மதிப்பெண் வராது” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். நடந்தது இவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் மண்ணுக்குள் போன செய்திக்குப் பிறகு, பேரிடர்ப் பாடத்தை வெறும் வாசிப்பாக நடத்த மனம் வராமல், செயல்திட்டமாகக் கொடுத்திருந்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னதில், நம் நீலகிரியில் நிலச்சரிவு நேர்ந்த 1978, மரப்பாலத்தில் பாதையை மண் மூடிய 1993 நவம்பர், 2009 எல்லாம் வந்து சேர்ந்தன. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானதையும், அந்த வாரத்தில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்ததையும் நான் கரும்பலகையில் எழுதினேன். பக்கத்திலேயே இரண்டு கட்டங்கள் வரைந்து, இடப்பக்கம் இயற்கைப் பேரிடர், வலப்பக்கம் மனிதரால் நேர்வது என்று தலைப்பிட்டேன். சுனாமி, புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு இடப்பக்கம். தொழிற்சாலை விபத்து, நச்சுவாயுக் கசிவு வலப்பக்கம். பள்ளிக் கண்காட்சிக்கான அட்டையில் இதை நிரப்பும்போதுதான் அவள் நிலச்சரிவை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தாள்.

அவள் சொன்னது தவறு என்று நிறுவ என்னிடம் வலுவான காரணம் உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். 2019 ஆகஸ்டில் நம் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. அங்கே இருப்பது பெரும்பாலும் காடும் புல்வெளியும் அணையும்தான். அந்த மழையில் சரிந்த சரிவுகளுக்கெல்லாம் எந்தக் கட்டடக்காரரைக் கைகாட்டுவது? அடியில் கெட்டிப் பாறை, மேலே ஆள் உயரத்தை மிஞ்சிய செம்மண், இரண்டுக்கும் நடுவே சோப்பு போல வழுக்கும் களி என்றிருக்கும் மலையில், தண்ணீர் இறங்கி வெளியேற வழியின்றித் தேங்கினால் மண்ணின் எடை கூடும், பிடிப்புக் குறையும், யாரும் தொடாத சரிவும் நகரும். இதை அவளுக்கு நான் விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் அது ஆசிரியர் செய்கிற வேலையாக இருந்திருக்கும். நான் சொன்னதோ மதிப்பெண்ணைப் பற்றி.

விளக்கியிருந்தாலும் பாதியில் மாட்டிக்கொண்டிருப்பேன் என்பதும் உண்மை. சரிவின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும் என்பது அதே விளக்கத்தின் அடுத்த வரி. பொக்லைன் வைத்து மேட்டை வெட்ட இந்த மாவட்டத்தில் அனுமதி வேண்டும் என்ற விதி எதற்காக வந்தது என்று அவள் கேட்டிருந்தால், இடது கட்டத்தைக் காட்டி என்ன பதில் சொல்லியிருப்பேன்?

அவளுடைய செயல்திட்ட நோட்டை அன்று மாலை வீட்டில் வைத்துத்தான் முழுதாகப் படித்தேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் வரிசையை அளவுகோல் வைத்து வரைந்து, கீழே புதிதாக வெட்டிய மேட்டைச் சிவப்பில் தீட்டியிருந்தாள். பக்கத்தில், “ராத்திரியில் வெட்டினார்கள். மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவு மூடவில்லை. அப்பா இரண்டு முறை இழைத்தார். ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வருகிறது” என்று நான்கே வாக்கியங்கள். கதவு நிலை கோணுவதும் ஊற்று திடீரெனக் கலங்குவதும் சரிவு நகர்வதன் அறிகுறிகள் என்று வகுப்பில் சொன்னவள் நான்தான். அவள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கத்துக்கு நான் ஏற்கெனவே ‘நன்று’ போட்டுக் கையொப்பமிட்டிருந்தேன், படிக்காமலே.

கண்காட்சியில் அந்த அட்டை தொங்கினால் வெட்டியவர் காதுக்குப் போகும், அவள் அப்பாவும் அங்கேதான் கல் கட்டும் வேலைக்குப் போகிறார், ஆகவே அவளைக் காப்பாற்றத்தான் மாற்றச் சொன்னேன் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அப்பா அங்கே வேலைக்குப் போவது எனக்குத் தெரிந்ததே மறுவாரம் பெற்றோர் கூட்டத்தில்தான். பிறகு தேடிப் பிடித்த காரணத்தை முன்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்ள எனக்கு நன்றாகவே வருகிறது. ஆனாலும் அந்தக் காரணம் பொய்யாகிவிடவில்லையே என்றும் தோன்றுகிறது; அட்டையில் வலது கட்டம் அப்படியே இருந்திருந்தால் அந்த மனிதர் கூலியை நிறுத்தியிருக்க மாட்டார் என்று யார் உறுதி சொல்வது? நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்சுவருக்கு ஓரடி தள்ளி நிற்பதும் வெட்டிய மேடுதான். வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டு வந்த வீடு.

அவள் அழித்துத்தான் எழுதினாள். ரப்பர் தேய்த்த இடத்தில் அட்டை பஞ்சுபோல எழும்பி, ‘நிலச்சரிவு’ என்ற பழைய சொல் சாய்வாகப் பார்த்தால் இன்னமும் படிக்கும்படி இருக்கிறது. நடுவில் கோடு போட்டு மூன்றாவதாக ஒரு கட்டம் வரையலாமா என்று அவளிடமே கேட்டிருக்கலாம் என்று கண்காட்சி முடிந்த பிறகு தோன்றியது. கேட்கவில்லை. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கட்டம் போட்டேன். மூன்றாவதில் என்ன எழுதுவது என்று அவர்கள் கேட்டபோது, பரீட்சைக்கு முதல் இரண்டு போதும் என்று என் வாயே சொல்லிற்று.

அவள் படித்த அந்த ஆண்டு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வில் இதே கேள்வி வந்தது. அவள் நிலச்சரிவை இடப்பக்கம் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது, பேச்சுக்குப் பேச்சாக, வீட்டுக் கதவு எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

“இன்னொரு தடவ இழைச்சாச்சு டீச்சர்” என்றாள்.