சிலந்தி பார்த்த மூன்று வாரம்

"ஏன் உம்மென்று இருக்கிறாய்?" என்ற கேள்வி எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நாலு பேர் கூடினால் ஓரமாக ஒதுங்குகிற ஆள். 1921-ல் உளவியலாளர் கார்ல் யுங் பரவலாக்கிய 'இன்ட்ரோவர்ட்' என்ற பெயர் தெரிவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பெயர் 'ஊமைக்கோட்டான்'. சரி, பேசத்தான் வரவில்லை, பார்க்கவாவது வருகிறதா என்று ஒரு நோட்டை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வட்டவலைச் சிலந்தி. தினம் அந்தி நேரத்தில் அரை மணி, போன் அடுத்த அறையில்.

முதல் வாரம் வீண். "அசையவில்லை" என்று ஐந்து நாள் எழுதியிருக்கிறேன். வாய்தான் சும்மா இருந்தது. மண்டைக்குள் அன்றைய மீட்டிங் மொத்தமும் திரும்ப ஓடியது. அமைதியான ஆளுக்குக் கவனம் கூடவே பிறந்திருக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரே கேள்வியோடு உட்கார்ந்தேன்: கால்கள் என்ன செய்கின்றன? அன்றைக்கென்று வலை பின்னிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஆர நூல்கள் தயார். நடுவிலிருந்து வெளியே அகலமாகச் சுற்றிப் போனது. முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். விளிம்பில் திரும்பி, நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தது! ஒரு கால் முந்தைய சுற்றைத் தொட்டு இடைவெளி பார்க்கிறது; பின்னங்கால் நூலை இழுத்து ஆரத்தில் வைக்கிறது. வருகிற வழியில், முதலில் போட்ட நூலை அறுத்துக்கொண்டே வருகிறது. அப்புறம் படித்ததில்தான் புரிந்தது: முதல் சுற்று ஒட்டாத நூல், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. பூச்சியைப் பிடிக்கிற பசை இரண்டாம் சுற்றில்தான்.

பதினான்காம் நாள் தலையை நீட்டி வலையின் ஒரு பக்கத்தை நானே கிழித்தேன். மறுநாள் புது வலை. இந்த வகைச் சிலந்திகள் பழைய நூலைத் தின்று, அதையே புது நூலுக்கு மூலப்பொருளாக்கிக்கொள்ளுமாம்.

இந்தப் பழக்கம் மீட்டிங்குக்கும் வந்துவிட்டது. கூட வேலை செய்பவர் ஒருவர் "முடித்துவிடலாம்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். தனியாகக் கேட்டேன். இரண்டு நாளாக வேலை ஓரிடத்தில் சிக்கிக் கிடக்கிறதாம். பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அந்த அறையில் வேறு யாரும் கேட்கவில்லை.

இன்று இருபத்திரண்டாம் நாள். வலை இருக்கிறது, சிலந்தியைக் காணோம். ஒரு நூல் மட்டும் விறைப்பாக இலைகளுக்குள் போகிறது. அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.