கயிற்றைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்: கோவாவில் எங்கள் முதல் பாராசெயிலிங்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கும். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் என் சித்தப்பாவுக்கு நெடுவிடுமுறை என்று ஒன்று உண்டென்றால் அந்த இரண்டு மாதங்கள்தான். ஏப்ரல் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் கோவாவுக்குக் கிளம்பியபோது அவரையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். கடலை விட்டு ஓய்வு கிடைத்தால் இன்னொரு கடலுக்கா போவது என்று தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு வாரம் முணுமுணுத்தவர், சென்ட்ரலில் ரயிலேறிய பிறகு அடங்கினார். அவர் வராமல் இருந்திருந்தால் நாங்கள் முதல் நாளே, பறக்கக் கூடாத நேரத்தில் பறந்திருப்போம்.

கலங்கூட் கடற்கரையில் பிற்பகல் மூன்று மணிக்கு, பாராசெயிலிங்குக்கு, அதாவது படகு கயிற்றால் இழுக்கப் பாராசூட் குடையில் தொங்கிப் பறக்கும் விளையாட்டுக்கு, ஆள் பிடிக்கும் ஒரு தரகர் எங்களைப் பிடித்துக்கொண்டார். பேரம் முடிந்து, நான் பணத்தை எடுத்து நீட்டும் நேரத்தில் சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கடலைப் பார்க்கச் சொன்னார். கரையோரத்து அலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர்ப்பரப்பு வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. “கச்சான் ஏறிக்கினு இருக்கு நைனா, இப்ப வேணாம்” என்றார்.

கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று. எங்கள் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்தில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று; கோவாவிலோ கடல் மேற்கே இருப்பதால் அதே கச்சான் கடலிலிருந்து கரையை நோக்கி வருகிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, பிற்பகலில் அந்தக் கடற்காற்று வலுக்கிறது. பாராசெயிலிங்கில் முதன்முறை பறப்பவர்கள் உயரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது காற்றின் வேகமும் அது வீசும் திசையும்தான். காற்று இரண்டு மடங்கு வேகமெடுத்தால் குடையின் மீது அது செலுத்தும் விசை இரண்டு மடங்காக அல்ல, நான்கு மடங்காக உயர்கிறது. அந்த விசை முழுவதையும் ஒரே ஒரு கயிறு தாங்குகிறது. அந்தக் கயிறு அறுந்தாலும் குடை உடனே சுருங்கிவிடுவதில்லை. காற்று கடலை நோக்கி வீசினால், அல்லது மெல்லியதாக இருந்தால், மெதுவாக இறங்கித் தண்ணீரில் விழுவீர்கள். காற்று கரையை நோக்கி வலுவாக வீசினால், அது உங்களைத் தென்னைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் ஓட்டல் மாடிகளுக்கும் மேல் இழுத்துச் செல்லும். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை பாறாங்கற்களும் கடலரிப்பைத் தடுக்கக் கட்டிய தூண்டில் வளைவுகளுமாக இருக்கும் எங்கள் கரையில் இப்படி ஒருவர் வந்து மோதினால் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தபோது, நீட்டிய பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். தரகர் எங்களைக் கோழைகள் என்று சிரித்தார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், இரு பெண்கள் வெவ்வேறு ஆண்டுகளில் இறந்த விபத்துகளுக்குப் பிறகு, 2014-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. தொடர்ந்து வீசும் காற்று மணிக்கு 20 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலோ, 7 மைல் தொலைவுக்குள் மின்னல் இருந்தாலோ அங்கே யாரையும் பறக்கவிடக் கூடாது. கைப்பேசியில் வானிலைச் செயலி வைத்திருக்கும் எவரும் இந்த இரண்டையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். செயலியில் சராசரி வேகத்துக்குப் பக்கத்தில் திடீர் வீச்சின் வேகம் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து சோளம் தின்பதே மேல்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குத் திரும்பப் போனோம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. இம்முறை தரகரிடம் போகாமல் நேராகப் படகுக்காரர்களிடம் பேசினோம். கோவாவில் இத்தகைய படகுகள் மாநில அரசின் ‘கேப்டன் ஆஃப் போர்ட்ஸ்’ துறையில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு எண் படகின் பக்கவாட்டிலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதால், அதைப் பார்க்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கரையிலிருந்து ஓடிக் கிளம்பி மணலிலேயே வந்து இறங்கும் முறையும் சில ஊர்களில் உண்டு. கயிற்றைச் சுருட்டவும் விடவும் உதவும் வின்ச் எந்திரம் பொருத்திய படகின் தளத்திலிருந்தே எழும்பி, அதே தளத்துக்கே இறங்கும் முறைதான் புதியவர்களுக்கு ஏற்றது. கரையும் கூட்டமும் தொலைவில் இருக்கும், கால் இடறி விழவும் வாய்ப்புக் குறைவு.

படகில் ஏறியதும் சித்தப்பா வின்சைப் பார்க்கப் போய்விட்டார். வலை இழுக்கும் வின்சோடு முப்பது ஆண்டுகள் பழகியவர் அவர். இந்தி தெரியாது, ‘ரோப்’ என்ற ஒரே சொல்லையும் கைச்சைகையையும் வைத்துக்கொண்டு படகுப் பையனிடம் அரைமணி நேரம் பேசினார். கயிறு எங்கே தேயும் என்பதுதான் அவருடைய கேள்வி. குடைக்குக் கீழே இருக்கும் குறுக்குக் கம்பியில் கயிறு கட்டப்படும் கடைசிச் சில அடிகள்தான் வெயிலிலும் உப்பிலும் உராய்விலும் முதலில் நைந்துபோகின்றன. போதாக்குறைக்கு, முடிச்சு விழும் இடத்தில் எந்தக் கயிறும் தன் வலிமையில் கணிசமான பகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே பொறுப்புள்ளவர்கள் அந்த முனையை அவ்வப்போது வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுகிறார்கள். அந்தப் பையன் வெட்டிப்போட்ட பழைய துண்டைத் தேடி எடுத்து வந்து காட்டியபோது சித்தப்பாவின் முகம் தெளிந்தது. உங்களோடு ஒரு சித்தப்பா வராவிட்டாலும், முடிச்சுக்கு அருகில் கயிறு பஞ்சுபோல் பிசிறடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் படகோட்டியாக இருக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் குஜராத்தை ஒட்டிய தியூ (டையூ) தீவின் நாகோவா கடற்கரையில் பறந்துகொண்டிருந்த ஒரு தம்பதியின் கயிறு நடுவானில் அறுந்த காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்த இருவரும் கடலில் விழுந்து உயிர் தப்பினார்கள்.

முதலில் அந்த அங்கி, அதன் மேல் தொடைப்பட்டைகளோடு கூடிய இருக்கைவார். பட்டைகள் தொடையின் மேற்பகுதிக்கு ஏறிவிடாமல், நாற்காலியில் அமர்வதுபோல் கீழே நன்றாக இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும் என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் கவனிக்காமல் விட்டதன் அடையாளம் மூன்று நாள் நீலமாக இருந்தது. துப்பட்டா, சேலை, வேட்டி எதுவும் கூடாது. வார்களிலோ கொக்கிகளிலோ சிக்கும். என் மனைவி தாலிச்சங்கிலியை மேற்சட்டைக்குள் ஊக்கு குத்தி வைத்துக்கொண்டாள், தலைமுடியைக் கொண்டையாக இறுக்கிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு வேண்டும். கருவுற்றவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகுத்தண்டிலோ இதயத்திலோ கோளாறு உள்ளவர்கள், வலிப்பு வருபவர்கள் இதைத் தவிர்த்துவிட வேண்டும். குடித்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் எங்கள் வரிசையில் இருவர் அந்த நிலையில்தான் நின்றார்கள்.

குமட்டல் வானத்தில் வருவதில்லை, படகில் வருகிறது. எங்கள் முறைக்காக, எஞ்சினை அணைத்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்த படகில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு இட்லியோடு நிறுத்தியிருந்த நான் தப்பினேன். பக்கத்தில் பூரி கிழங்கு தின்றுவிட்டு வந்த குடும்பம் தப்பவில்லை.

குதிக்க வேண்டியிருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. தளத்தில் உட்காரவைத்துக் கொக்கி மாட்டினார்கள், படகு வேகமெடுத்தது, வின்ச் கயிற்றை விடத் தொடங்கியதும் யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கியதுபோல் எழும்பினோம். சில விநாடிகளில் எஞ்சின் ஓசை தேய்ந்து, பிறகு இல்லாமலே போய்விட்டது. அவ்வளவு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி சாதாரணக் குரலில், கீழே தெரியும் சித்தப்பாவின் வழுக்கைத் தலையைக் காட்டினாள். விடப்படும் கயிற்றின் நீளத்தைத்தான் அவர்கள் உயரம் என்று விளம்பரம் செய்கிறார்கள். கயிறு சாய்வாக இருப்பதால் உண்மையான உயரம் அதைவிடக் குறைவுதான், அதுவே போதுமானதாகவும் இருந்தது. நான்கு நிமிடங்கூட ஆகியிருக்காது. இறக்கும்போது காலைத் தண்ணீரில் முக்கி எடுப்பதற்குத் தனிக் கட்டணம் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது, காணொளிக்கும் அப்படியே. கிளம்பும் முன்னரே இவற்றைக் கேட்டு முடித்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால், சாகச விளையாட்டு அதில் விலக்கப்பட்டிருக்கிறதா என்று ஊரிலேயே படித்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை மழைக்காலத்தில் அங்கே இந்த விளையாட்டு நடப்பதில்லை.

தண்ணீரில் விழ நேர்ந்தால் என்ன செய்வது என்பதைப் படகுக்காரர் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்டது இது: மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டிக் கிடக்க வேண்டும், குடை மேலே மூடிக்கொண்டால் பதறிக் கிழிக்காமல், ஒரு தையலைப் பிடித்துக்கொண்டே அதன் விளிம்புவரை நகர்ந்து வெளியே வர வேண்டும், கயிறுகளுக்குள் கால் உதைக்கக் கூடாது.

சித்தப்பா பறக்கவில்லை. அவருக்கும் சேர்த்தே பணம் கட்டியிருந்தோம் என்பதால் படகுப் பையன் இரண்டு முறை கூப்பிட்டான். அவர் வின்சின் பக்கத்தில் குந்தியிருந்த இடத்தைவிட்டு நகராமல், நாங்கள் மேலே இருந்த நேரம் முழுவதும் உருளையில் கயிறு ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். திரும்பி வரும் ரயிலில், பறந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவரே ஒருமுறை கேட்டார். மனைவி சொல்லத் தொடங்குவதற்குள் தூங்கிப்போனார்.