இடது கையின் பாட்டு

டொரண்டோவில் எங்களுக்கு முதல் குளிர்காலம். காசு செலவழிக்காமல் கதகதப்பாக உட்கார நூலகத்தை விட்டால் வேறு இடம் தெரியாது. அங்கிருந்து எடுத்துவந்த ஒரு பியானோ சிடியைப் போட்டால், இசைக்குப் பின்னால் யாரோ வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். சிடி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். நூலகப் பெண்மணி சிரித்துவிட்டார். அது கிளென் கூல்ட். வாசிக்கும்போது கூடவே முனகுவார். நம் ஊர்க்காரர் என்றார். ஆங்கிலத்தில் ‘நம்’முக்கும் ‘எங்கள்’ளுக்கும் ஒரே சொல்தானே. என்னைச் சேர்த்துச் சொன்னாரா, சேர்க்காமல் சொன்னாரா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அந்த சிடி, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1741இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். முதலில் ஒரு மெட்டு, பிறகு 30 மாறுதல்கள், கடைசியில் மறுபடி அதே மெட்டு. ஒவ்வொரு மாறுதலிலும் முதல் மெட்டைத் தேடித் தேடி ஏமாந்தேன். மாறாமல் வருவது மேலே கேட்கும் மெட்டு அல்ல, கீழ்ச்சுரங்களின் நடைதான் என்று ஒரு புத்தகத்தில் படித்த பிறகே பிடி கிடைத்தது. மிருதங்கத்தில் வலந்தலையை மட்டும் கேட்டுப் பழகியவனுக்குத் திடீரென்று இடப்பக்கத் தொப்பி கேட்கத் தொடங்கியதுபோல.

கூல்ட் இதை 1955இல், 22 வயதில் பதிவு செய்தார், 38 நிமிடம். 1964இல் மேடைக் கச்சேரிகளையே விட்டுவிட்டார். 1981இல் மீண்டும் பதிவு செய்தபோது 51 நிமிடம். மறு ஆண்டே இறந்துபோனார். கடைசிவரை அவர் உட்கார்ந்தது, அப்பா காலை வெட்டித் தாழ்த்திக் கொடுத்த மடக்கு நாற்காலியில்; மூக்கு கட்டையில் இடிக்காத குறை. முதல் பதிவைத்தான் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் அவசரம் கொஞ்சம் தூக்கல். ஆனால் வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு அதுதான் சரியான அளவு. பனி கொட்டி பஸ் ஊர்கிற மாலைகளில் 1981.

போன கோடையில் மதுரையிலிருந்து அண்ணன் வந்திருந்தார். ஃப்ரண்ட் தெருவில் கூல்டின் வெண்கலச் சிலை, கோட்டும் தொப்பியுமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, படம் எடுக்கச் சொல்லிவிட்டு, “யாருடா இவர்?” என்று கேட்டார்.

“எங்கள் ஊர்க்காரர்” என்றேன்.

அண்ணன் கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். படமும் அப்படியே விழுந்திருக்கிறது.