வெள்ளையை விட்டுவைப்பது

மும்பையில் காலா கோடா பக்கம் போனால் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்குள் நுழைவதற்கு முன்பே வெளியே நடைபாதையில் நின்றுவிடுவேன். 1952-ல் திறந்த கேலரி அது. உள்ளே நுழைவு இலவசம்தான், ஆனால் அங்கே சுவர் கிடைக்க ஓவியர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வெளியே உட்கார்ந்து வரைகிறவர்களுக்குப் பலகையும் தாளும் போதும்.

நேற்று ஒருவர் வாட்டர்கலரில் மழைக்கால மரைன் டிரைவ் போட்டுக்கொண்டிருந்தார். அலை சுவரில் மோதித் தெறிக்கிற இடத்துக்கு மட்டும் தூரிகை போகவேயில்லை. சுற்றிலும் சாம்பல் நீலத்தை ஈரமாக இழுத்தார். நடுவில் மிஞ்சிய தாளே நுரையாகிவிட்டது. வாட்டர்கலரில் வெள்ளையை முதலிலேயே தீர்மானித்து விட்டுவைக்க வேண்டும். நிறம் ஏறிவிட்டால் அந்த வெளிச்சம் முழுசாகத் திரும்பாது.

கதை எழுதுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய காட்சி. குர்லாவில் மகனை ரயிலேற்றிவிட்டு வந்த அம்மா, பழக்கதோஷத்தில் அவனுக்கும் சேர்த்து அரிசி களைந்துவிடுகிறாள் என்றால் போதுமே! அதற்கு மேல் 'தனிமை அவளை வாட்டியது' எதற்கு? அந்த இடம் வாசகருடையது.

அதற்காக எல்லாவற்றையும் சொல்லாமல் விட்டாலும் ஆகாது. சுற்றி விழுகிற நீலம் சரியாக இருந்தால்தான் வெள்ளை அலையாகும். அரிசியை உழக்கில் அளந்தாளா, கையால் அள்ளினாளா என்பது வரை எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் அந்த அம்மாவின் சமையலறையைத்தான் மறுபடி மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.