பையருக்கு இங்கிலீஷில் மெயில் எழுதப் பழகிய கதை

போன மாதம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போன் பண்ணினான். "அண்ணா, திருப்பூர்ல மெர்ச்சன்டைசர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, தினமும் பையருக்கு இங்கிலீஷ்ல மெயில் போடணுமாம், நான் தமிழ் மீடியம், போகலாமா வேண்டாமா?" தாராளமாகப் போ என்று சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு நிமிடப் போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. நானும் தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவன்தான், 2013-இல் இந்த வேலைக்கு வந்தேன், முதல் ஒன்றரை வருடம் மெயில் என்றாலே வயிற்றைக் கலக்கும். அப்போது நடந்ததை அவனுக்காகவும் அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

மெர்ச்சன்டைசர் என்றால் பையருக்கும், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கும், துணி தைக்கிற ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற ஆள். டெக் பேக் (டிசைன், அளவு விவரம்) வந்ததிலிருந்து லேப் டிப் (கலர் சரிபார்க்கச் சாயம் போட்ட சின்னத் துணித் துண்டு), பிரிண்ட் ஸ்ட்ரைக் ஆஃப் (பிரிண்ட் மாதிரி), ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கிற மாதிரி), பிபி சாம்பிள் (புரொடக்ஷனுக்கு முந்தின மாதிரி), கடைசியில் சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்புகிறவரை எல்லாமே மெயிலில்தான் நடக்கும். போனில் பேசினாலும் அப்புறம் "பேசியதை மெயிலில் போடுங்கள்" என்பார்கள். ஏனென்றால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் இரண்டு பக்கமும் திறந்து பார்க்கிறது அந்த மெயிலைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் கடிதம் பள்ளிக்கூட லீவ் லெட்டர். ரெஸ்பெக்டட் சர், ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், கைண்ட்லி கிரான்ட் மீ லீவ், யுவர்ஸ் ஒபீடியன்ட்லி. நம்மில் முக்கால்வாசிப் பேர் முதல் முதலில் எழுதிய இங்கிலீஷ் கடிதம் அதுதான், அதனால் அந்த அச்சு மண்டைக்குள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. என் முதல் பையர் மெயிலையும் ரெஸ்பெக்டட் சர் என்றுதான் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் இருந்தது ஒரு அம்மா. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பதில் மெயிலில் கீழே தன் பெயரை மட்டும் போட்டிருந்தார். எங்கள் சீனியர் அக்கா அதைக் காட்டி, "பேர் போட்டு அனுப்பிட்டாங்கல்ல, இனிமே அந்தப் பேரைச் சொல்லியே ஆரம்பி, அது மரியாதைக் குறைவு இல்லை" என்றார். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கை வரவே இல்லை எனக்கு, பழக ஒரு மாதம் ஆனது. ஜெர்மன்காரர்கள் சிலர் அவர்களாகவே பேர் சொல்லிக் கூப்பிடும்வரை குடும்பப் பெயரோடுதான் எழுதுவார்கள். அதனால் அவர்கள் நம்மை எப்படி எழுதுகிறார்களோ, அப்படியே நாமும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நம் ஊர் ஆபீஸ் இங்கிலீஷ். அதில் தப்பு என்று ஒன்றும் இல்லை, நம் நாட்டுக்குள் எல்லாருக்கும் புரியும். கடல் தாண்டும்போதுதான் வேறு அர்த்தம் ஆகிவிடுகிறது. ஒரு போலோ டீ-ஷர்ட்டில் பட்டன் பட்டி அகலம் பற்றி இரண்டு யோசனை சொல்லிவிட்டு, "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி ப்ளாக்கெட்" என்று முடித்தேன். பதில் சொல்லுங்கள் என்பது என் அர்த்தம். லண்டனில் இருந்த பையருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. "எந்தப் பழைய ப்ளாக்கெட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதில் வந்தது. அதை விளக்க இரண்டு மெயில், அதில் இரண்டு நாள் போனது. இன்னொரு தடவை மெஷர்மென்ட் சார்ட்டில் ஒரு சந்தேகம் கேட்க "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் சார்ட்" என்று எழுதினேன். நமக்கு டவுட் என்றால் கேள்வி. அவர்களுக்கு அது நம்பிக்கை இல்லை என்று சொல்வது போல. அந்த சார்ட்டைப் போட்ட டெக்னிக்கல் ஆள் கொஞ்சம் சூடாகவே பதில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து டவுட் போய் கொஸ்டின் வந்தது, ரிவர்ட் போய் ரிப்ளை வந்தது. டூ தி நீட்ஃபுல் என்பதை அக்கா எழுதவே விடமாட்டார். "என்ன செய்யணும்னு நீ சொல்லாம, செய்ய வேண்டியதைச் செய்யுங்கன்னா அவங்க எதைச் செய்வாங்க?" என்பார்.

தேதியும் இப்படித்தான். 05/06 என்று எழுதினால் நமக்கும் லண்டனுக்கும் அது ஜூன் 5, அமெரிக்காவுக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. எண்களும் அப்படி. ஜெர்மனியில் தசமப் புள்ளி இருக்கிற இடத்தில் கமா போடுவார்கள், ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள். அவர்கள் 2,35 யூரோ என்றால் இரண்டு யூரோ முப்பத்தைந்து சென்ட், 1.500 பீஸ் என்றால் ஆயிரத்து ஐந்நூறு. நம் லட்சக் கமாவைப் பார்த்தால் அவர்கள் குழம்பிவிடுவார்கள்.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம், இரண்டு மாதத்தில் யாரும் பழகிவிடலாம். எனக்கு உண்மையில் பாடம் ஆனது ஒரு நேவி கலர், அதாவது கருநீலம்.

2014 மே மாதம். குழந்தைகள் டீ-ஷர்ட், மூன்று கலர், மொத்தம் 24,000 பீஸ், ஜெர்மனிக்குப் போக வேண்டியது, ஜூன் 12 ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளையும் மஞ்சளும் பிரச்சினை இல்லாமல் வந்தன. நேவியில் பல்க், அதாவது ஆர்டருக்கான மொத்தத் துணியும், சாயம் போட்டு வந்ததும் லைட் பாக்ஸில் (வெவ்வேறு வெளிச்சத்தில் கலர் பார்க்கிற பெட்டி) வைத்துப் பார்த்தோம். பகல் வெளிச்சமான டி65-இல் அப்ரூவலான லேப் டிப்போடு அச்சாகப் பொருந்தியது. கடை வெளிச்சமான டிஎல்84-ஐப் போட்டால் சிவப்படித்தது. ஐரோப்பாவில் அதை விடமாட்டார்கள். ரீ-டை (மறுபடி சாயம்) போட்டு, காயவைத்து, துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பேக்டிங் முடித்துத் துணி வர ஆறு நாள் ஆகும் என்று டையிங்கில் சொல்லிவிட்டார்கள். புரொடக்ஷன் மேனேஜரிடம் போய் 12-க்கு முடியுமா என்று கேட்டேன். "பார்த்துக்கலாங்க, நைட் ஷிஃப்ட் போட்டு முடிச்சுடலாங்க" என்றார்.

அதை வைத்துக்கொண்டு நான் எழுதிய மெயில் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நலமாக இருக்கிறீர்களா என்று ஆரம்பித்து, ஆர்டருக்கு நன்றி சொல்லி, வெள்ளையும் மஞ்சளும் நன்றாகப் போகிறது என்று சொல்லி, அந்த வாரம் இருந்த கரன்ட் கட்டைச் சொல்லி, டையிங்கில் நடந்ததை மூன்று வரியில் சுற்றி வளைத்து, பதினான்காவது வரியில்தான் விஷயத்துக்கு வந்திருந்தேன். நேவியில் கொஞ்சம் தாமதம் ஆகலாம், இருந்தாலும் தேதியைப் பிடிக்க வி வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட். நம் வழக்கத்தில் இப்படி ஒருவர் சொன்னால் கஷ்டம்தான் என்று நமக்குப் புரிந்துவிடும். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மனம் வராமல் சொல்கிறார் என்று கேட்கிறவரே எடுத்துக்கொள்வார். ஜெர்மனியில் அந்த வரியை அதில் இருக்கிற வார்த்தைகளை வைத்து மட்டும் படித்தார்கள். மறுநாளே பதில் வந்தது: நன்றி, தேதியைப் பிடித்துவிடுவீர்கள் என்பதில் மகிழ்ச்சி. அவர்கள் அதை நம்பி டிஸ்ட்ரிபியூஷன் சென்டரில் நாள் குறித்துவிட்டார்கள்.

ஜூன் 12-க்கு நேவி தையலிலேயே பாதிதான் முடிந்திருந்தது. கப்பலுக்குச் சரக்கு கொடுக்க வேண்டிய கடைசி நேரம் (கட்-ஆஃப்) போய்விட்டது. கடைசியில் நேவி 8,000 பீஸும் எங்கள் செலவில் விமானத்தில் போனது, அட்டைப்பெட்டியோடு சேர்த்து ஒரு டன்னுக்குப் பக்கம். அந்த ஆர்டரில் வர வேண்டிய லாபம் அதிலேயே கரைந்தது. ஓனர் என்னைக் கூப்பிட்டு அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து மேஜைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "இதுல எங்கப்பா லேட்டுன்னு சொல்லியிருக்கே?" என்று மட்டும் கேட்டார். பதினான்காவது வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா என்னை உட்கார வைத்து, அந்த மெயிலைத் தமிழில் எழுதச் சொன்னார், அதுவும் நோட்டில், பேனாவால். என்ன நடந்தது, எப்போது வரும், அவர்கள் என்ன சொல்ல வேண்டும், அதையும் எப்போதைக்குள். இந்த நான்கும்தான் வேண்டும், மற்றது எதுவும் வேண்டாம் என்றார். நான் எழுதியது இதுதான்: "நேவி 8,000 பீஸ் ஜூன் 12-க்கு வராது, 18-க்கு வரும். பல்க் கலர் டிஎல்84-இல் சிவப்படித்ததால் மறுபடி சாயம் போடுகிறோம். மற்ற இரண்டு கலரும் 12-க்கு ரெடி. அவற்றை முதலில் அனுப்பட்டுமா, மூன்றையும் சேர்த்து 18-க்கு அனுப்பட்டுமா? புதன்கிழமைக்குள் சொன்னால் கன்டெய்னர் புக் பண்ணிவிடுகிறோம்." எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்தது, இதை இங்கிலீஷில் சொல்ல எட்டாம் வகுப்பு இங்கிலீஷே போதும். எனக்கு இல்லாமல் போனது இங்கிலீஷ் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். 18 என்ற தேதியே என் கையில் இல்லாமல்தான் மெயில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "முடிச்சுடலாங்க" என்பதை எந்த இங்கிலீஷில் போட்டாலும் அது தேதி ஆகாது. மேனேஜரிடம் திரும்பப் போய், எத்தனை லைன், ஒரு லைன் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், துணி எந்த நாள் கட்டிங் மேஜைக்கு வரும் என்று கேட்டு வாங்கியிருந்தால் அவரே 18 என்று சொல்லியிருப்பார்.

அதிலிருந்து முக்கியமான எந்த மெயிலையும் நோட்டில் நாலு வரி தமிழில் எழுதிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவேன். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். அதே நோட்டின் பின்பக்கத்தில் பையர்கள் எழுதுகிற வரிகளில் நல்லதை எழுதி வைத்துக்கொள்வேன். நீங்கள் இன்னும் அப்ரூவல் அனுப்பவில்லை என்று நான் எழுதுகிற இடத்தில் அவர்கள் "வி ஹேவ் நாட் ரிசீவ்ட் தி அப்ரூவல் யெட்" என்று எழுதுவார்கள். அதையே சொன்ன மாதிரியும் ஆகும், யாரையும் குற்றம் சொன்ன மாதிரி இருக்காது. எப்போதைக்குள் பதில் வேண்டும் என்று கேட்க "குட் யூ கன்ஃபர்ம் பை வென்ஸ்டே" போதும், ஏன் புதன்கிழமை என்று ஒரு காரணமும் கூடச் சொன்னால் பெரும்பாலும் புதன்கிழமைக்கே பதில் வந்துவிடும். புத்தகக் கடையில் ஒரு மெயில் கைடு வாங்கிப் பார்த்தேன், எனக்கு அது உதவவில்லை. எதிரில் இருக்கிற ஆளின் வரியைப் பார்த்துப் படித்ததுதான் உதவியது.

சப்ஜெக்ட் லைனில் ஸ்டைல் நம்பர், ஆர்டர் நம்பர், விஷயம், தேதி. ஆறு மாதம் கழித்துத் தேடும்போது இதன் அருமை தெரியும். இரண்டு ஸ்டைலை ஒரே மெயிலில் போட்டுக் குழப்பக் கூடாது. கேள்விகளுக்கு நம்பர் போட வேண்டும், போடாவிட்டால் மூன்று கேள்வியில் ஒன்றுக்குத்தான் பதில் வரும். அளவில் பிரச்சினை என்றால் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், டேப்பைத் துணிமேல் வைத்து எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. நேரமும் பார்க்க வேண்டும். ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. கோடையில் நம் பகல் பன்னிரண்டரைக்குள் மெயில் போய்விட்டால் அவர்கள் காலை ஒன்பதுக்குச் சீட்டில் உட்காரும்போது மேலாக நிற்கும், அன்றைக்கே பதில் வர வாய்ப்பு அதிகம். ஜிமெயில் வைத்திருந்தால் அன்டூ சென்ட் நேரத்தை 30 வினாடிக்கு மாற்றிவிடுங்கள். அட்டாச்மென்ட் மறந்தது எனக்கு நினைவுக்கு வருவதே பெரும்பாலும் அனுப்பிய பிறகுதான்.

இப்போது ஏஐ இருக்கிறதே, எழுதித் தந்துவிடுமே என்று அந்தப் பையன் கேட்டான். நானும் பயன்படுத்துகிறேன், கிராமர் திருத்த நல்ல உதவி, எனக்கு அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் எத்தனையோ இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் போன வருடம் ஒரு மெயிலைக் கொடுத்து அழகாக்கச் சொன்னபோது, 20-ஆம் தேதி வரும் என்று எதிர்பார்க்கிறோம் என்று நான் எழுதியதை 20-ஆம் தேதியை உறுதி செய்வதில் மகிழ்ச்சி என்று மாற்றிக் கொடுத்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் இன்னொரு நேவி கதைதான். அது தருவதைத் தேதி, எண்ணிக்கை, வாக்குறுதி மூன்றையும் விரல் வைத்துப் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

இந்த வாரம் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் கெட்ட செய்தி மெயில். ரிப் துணி ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) குறைந்து வந்துவிட்டது, நான்கு நாள் தள்ளிப் போகிறது. காலையிலிருந்து அவள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். போய் நோட்டைக் கொடுத்தேன். நிட்டிங்குக்கு இரண்டு தடவை போன் போட்டுத் தேதி வாங்கி, தமிழில் நாலு வரி எழுதிவிட்டு, "அண்ணா, சாரி எங்க போடறது?" என்று கேட்டாள். தேதிக்கு அப்புறம், ஒரே ஒரு தடவை என்றேன். பன்னிரண்டு இருபதுக்கு அனுப்பினாள். ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது பதில் வந்திருந்தது, இரண்டு வரிதான்: முன்னாடியே சொன்னதற்கு நன்றி, 24-ஆம் தேதிக்கு மாற்றிக்கொள்கிறோம். அவள் அதை மூன்று தடவை படித்துவிட்டு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி அந்த முதல் வரியை எழுதி வைத்துக்கொண்டாள்.