விழுப்புரத்தில் பிரியும் பாதைகள்

மார்ச் 4

புள்ளிகளாகவும் அவற்றுக்கிடையிலான இணைப்புகளாகவும் சேமித்த தரவிடம் கேள்வி கேட்கும் மொழி ஜிக்யூஎல். அதை எவரும் எழுதிப் பழக ஒரு வலைப்பக்கம் செய்கிறேன். அந்தக் கேள்விக்கு, அதாவது வினவலுக்கு, விடை தேடும் இயந்திரம் உலாவிக்குள்ளேயே ஓடக்கூடிய வெப்அசெம்ப்ளி என்ற நிரல் வடிவத்துக்கு மாறிவிட்டது. இனி சர்வர் தேவையில்லை. எழுதுபவரின் உலாவியிலேயே வினவல் இயங்கும். ஆனால் கோப்பின் அளவு 11 எம்பி. பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் திறக்கும் மாணவர் எவ்வளவு நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் தூங்க விடவில்லை.

மார்ச் 7

மாதிரித் தரவாகத் திரைப்படங்களையும் நடிகர்களையும் வைப்பதே இத்துறையின் வழக்கம். நான் ரயில் பாதைகளை எடுத்துக்கொண்டேன். நிலையம் ஒரு கணு, அதாவது ஒரு புள்ளி. தண்டவாளம் இருபுறமும் செல்லக்கூடிய, திசையற்ற இணைப்பு. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் செல்கிறது; மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மெயின் லைன் செல்கிறது. 2024 ஏப்ரலில் ஐஎஸ்ஓ 39075 என்ற எண்ணுடன் வெளியான ஜிக்யூஎல் மொழியில், கணுவை வட்ட அடைப்புக்குறிக்குள்ளும் இணைப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள்ளும் இட்டு, தேடும் பாதையைப் படம் வரைவதுபோல் எழுதலாம். அந்த அழகை முதல் நிமிடத்திலேயே ஒருவர் தன் கையால் எழுதிப் பார்த்துவிட வேண்டும். அதற்காகவே இத்தனை பாடும்.

மார்ச் 8

9.3 எம்பி.

மார்ச் 12

எழும்பூரிலிருந்து மதுரைக்கு உள்ள எல்லா வழிகளையும் நண்பர் கேட்டார், உலாவி உறைந்துபோனது. விழுப்புரம், திருச்சி, மறுபடி விழுப்புரம் என்று இயந்திரம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜிக்யூஎல்லில் எதுவும் குறிப்பிடாவிட்டால் பாதை ‘வாக்’ வகையாகக் கொள்ளப்படும். சென்ற இணைப்பிலேயே திரும்பத் திரும்பச் செல்லலாம். இதனால்தான், இணைப்பு மீளாத ‘டிரெயில்’, கணு மீளாத ‘ஏசைக்ளிக்’ போன்ற கட்டுப்பாடோ, மிகக் குறுகிய பாதை என்ற தேர்வோ இல்லாமல் எல்லையற்ற நீளத்தைக் கேட்பதைத் தரநிலை அனுமதிப்பதில்லை. அதைத் தடுக்க வேண்டிய சோதனையை நான் எழுதாமல் விட்டிருந்தேன். ‘டிரெயில்’ சேர்த்ததும் இரண்டே வழிகள் வந்தன. வினவலை, உலாவியின் பின்னணியில் தனியாக இயங்கும் வொர்க்கருக்கு மாற்றி, 10 நொடிகளில் நிறுத்தும்படி செய்துவிட்டேன். ஆயினும் பிழைச்செய்தியைத்தான் நான்கு முறை திருத்தி எழுதினேன். எந்தச் சொல்லை எங்கே சேர்க்க வேண்டும் என்று அது சொல்லாவிட்டால், புதிதாகக் கற்பவர் தன் மீதே குறை இருப்பதாக எண்ணி விலகிவிடுவார்.

மார்ச் 17

இரண்டு குழுக்களில் அறிவித்தேன். திறந்தவர்கள் 63 பேர். மாதிரி வினவலில் ஓர் எழுத்தையாவது மாற்றியவர்கள் 4 பேர்.

மார்ச் 18

அந்த 59 பேர்.

மார்ச் 19

மாதிரி வினவல் முழுமையாக இருப்பதே தவறோ? முடிந்துபோன ஒன்றை யாரும் தொடத் துணிவதில்லை. சேருமிடத்தின் பெயரை வெற்றிடமாக விட்டு, பார்ப்பவர் தன் ஊரை நிரப்பும்படி மாற்றியிருக்கிறேன். ஏப்ரல் முதல் தேதி புதிய வேலையில் சேர்ந்த பின் இதற்கு இரவுகள் மட்டுமே மிஞ்சும்.

மார்ச் 22

நேற்றுக் கல்லூரியில் காட்டினேன். வினவல் முழுவதும் பக்கத்தின் முகவரியில் # குறிக்குப் பின்னால் இருப்பதால், அந்த முகவரியை அனுப்பினாலே போதும், வினவலும் கூடவே போய்விடும். இன்று காலை ஒரு மாணவியிடமிருந்து அப்படியொரு முகவரி வந்தது. விழுப்புரத்தைத் தொடாமல் எழும்பூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி என்ன என்று கேட்டிருந்தார். பிழையில்லாமல் எழுதப்பட்ட வினவல். விடைதான் வெறுமையாக இருந்தது. குறை என் தரவில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம், அரக்கோணம், காட்பாடி வரை இப்போது சேர்த்துவிட்டேன். ஜோலார்பேட்டை, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் இன்னும்